அன்றாடமும் அதன் பதிவேடும்

நம் பிரசங்கங்களில் அன்றாட வாழ்வு பெரும்பாலும் ஓர் ஏவலாளின் நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று தலைப்புகளாகப் பிரிக்கப்பட்ட செய்தியின் இடையிடையே அது அழைக்கப்படுகிறது. ஒரு மரத்தையோ, ஒரு தாயின் கண்ணீரையோ, எங்கோ படித்த நூலின் ஒரு நிகழ்ச்சியையோ சபையார் முன் வைத்துவிட்டு, 'உதாரணம்' என்னும் பெயரோடு வெளியேறிவிடுகிறது. அது என்ன மரம், எந்த மாதத்தில் பூப்பது, யார் வீட்டு முற்றத்தில் நிற்பது என்று எவரும் வினவுவதில்லை. பிரசங்கியாருக்கு அதன் நிழல் போதும், மரம் வேண்டியதில்லை. பிரசங்கக்கலை வகுப்பில் மாணவர்கள் சமர்ப்பிக்கும் அருளுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருபவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: அவற்றில் 'ஒரு பறவை' அடிக்கடி பறக்கிறது, காகமோ, மைனாவோ, கரிச்சானோ பறந்ததை அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இதைச் சொல்வன்மைக் குறை என்று மட்டும் கொள்ளலாகாது. இதன் பின்னால் ஓர் இறையியல் நிலை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பழைய ஏற்பாட்டு ஆய்வு, கடவுள் வரலாற்றில் நிகழ்த்திய மாபெரும் செயல்களையே இஸ்ரவேலின் விசுவாசத்துக்கு மையமாகக் கண்டது. கெர்ஹார்ட் வான் ராட் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, படைப்பைப் பற்றிய போதனையை மீட்பைப் பற்றிய போதனைக்குக் கீழ்ப்பட்டதாக வைத்தது. ஜி. ஏர்னஸ்ட் ரைட் 1952இல் எழுதிய நூலின் பெயரே 'செயலாற்றும் கடவுள்' என்று பொருள்படுவதாகும். இரத்தத்தையும் மண்ணையும் தெய்வமாக்கிய ஓர் அரசியல் ஜெர்மனியில் தலையெடுத்திருந்த காலத்தில் வான் ராட் அவ்வாறு எழுதியதற்குத் தக்க காரணம் இருந்தது. எனினும், செங்கடல் பிளவாத நாட்களில் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்னும் கேள்வி அதனால் கேட்பாரற்றுப் போயிற்று. ஆசீர்வாதத்தைக் குறித்து 1968இல் ஒரு சிறு நூல் வெளியிட்ட கிளாஸ் வெஸ்டர்மன் இக்குறையை எடுத்துக்காட்டினார். மீட்பு ஒரு நிகழ்ச்சியாக வருகிறது. ஆசீர்வாதமோ விதைப்பிலும் அறுப்பிலும், பிள்ளைப்பேற்றிலும் வளர்ச்சியிலும் ஓசையின்றித் தொடர்ந்து நடைபெறுகிறது என்பது அவர் கண்ட வேறுபாடு. ஆதியாகமம் 8:22ஐ வாசிப்பவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஓசையின்றி நடப்பதை மனிதன் கவனிப்பது எவ்வாறு? அதில் பொருள் இருக்கிறதென்றால் அது யாருக்கு, எப்பொழுது புலப்படுகிறது? இக்கேள்விகளைக் கொள்கையளவில் ஆராய்வதைவிட, ஊரும் நாளும் பெயரும் உடைய ஒரு குருவானவரின் வாழ்வில் வைத்து ஆராய்வது நலம் என எண்ணுகிறேன்.

செல்போர்ன் ஊர்க் குருவானவர்

கில்பர்ட் ஒயிட் 1720ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரின் குருமனையில் பிறந்தார். அவ்வூர்ச் சபைக்கு அப்பொழுது குருவாயிருந்தவர் அவருடைய பாட்டனார். பேரனுக்குப் பாட்டனார் பெயரே இடப்பட்டது. ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியில் பயின்று குருப்பட்டம் பெற்ற ஒயிட், பாட்டனார் வகித்த பதவியை ஒருநாளும் அடையவில்லை. செல்போர்னுக்குக் குருவை நியமிக்கும் உரிமை வேறொரு கல்லூரியிடம் இருந்ததே அதற்குக் காரணம். எனவே அக்கம்பக்கத்துச் சபைகளிலும், இறுதியில் செல்போர்னிலும், உதவிக் குருவாகவே ஊழியஞ்செய்து 1793 ஜூன் 26இல் அவ்வூரிலேயே மரித்தார். கல்லறைக் கல்லில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன. பதவி உயர்வை அளவுகோலாகக் கொண்டு பார்ப்பவர்களுக்கு இது ஒரு தோல்விக் கதை.

ஆனால் 1751 முதல் தம் தோட்டத்தைக் குறித்தும், 1768 முதல் சுற்றுப்புறம் முழுவதையும் குறித்தும் அவர் எழுதிவந்த நாட்குறிப்புகள் வேறொரு கதையைச் சொல்லுகின்றன. டெயின்ஸ் பாரிங்டன் என்னும் நண்பர் அச்சிட்டு அனுப்பிய படிவத்தில், வாரத்துக்கு ஒரு தாளாக அவர் எழுதினார். காற்றின் திசை, மழையளவு, வெப்பநிலை, முதலில் தளிர்த்த மரம், முதலில் பூத்த செடி, முதலில் தென்பட்ட பறவை, பூச்சி என்று கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட படிவம் அது. நம் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டை நிரப்பிப் பழகிய எந்தக் குருவானவருக்கும் அத்தாள் புதிதாகத் தோன்றாது. மரணத்துக்குச் சில நாட்கள் முன்புவரை அவர் அதை நிரப்பிவந்தார். இக்குறிப்புகளைத் துணையாகக் கொண்டு தாமஸ் பென்னன்ட், பாரிங்டன் ஆகிய இருவருக்கும் எழுதிய கடிதங்களே 1789ஆம் ஆண்டிட்ட நூலாக, செல்போர்ன் ஊரின் இயற்கை வரலாறும் தொன்மையும் என்னும் பொருளுடைய பெயரில் வெளிவந்தன. வெளியிட்டவர் இலண்டனில் புத்தக வாணிகம் செய்த அவருடைய உடன்பிறந்தார் பெஞ்சமின். அந்நூல் இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டுள்ளது.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது? கதிர்க்குருவி இனத்தைச் சேர்ந்த, பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் சிறு பறவைகள் மூவகைப்பட்டவை என்பதை அவற்றின் குரல் வேற்றுமையைக் கேட்டுப் பிரித்தறிந்தது இருக்கிறது. மண்புழுக்கள் இல்லாவிடில் நிலம் இறுகிப் பயனற்றுப் போகும் என்று 1777இல் எழுதிய கடிதம் இருக்கிறது; நூறாண்டுகளுக்குப் பின் சார்ல்ஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றி 1881இல் நூல் எழுதியபோது ஒயிட்டை நினைவுகூர்ந்தார். தேனீக்களுக்குக் காது கேட்குமா என்றறியப் பேச்சுக்குழாய் ஒன்றைக் கூட்டருகில் வைத்துக் கூவிப்பார்த்ததும் இருக்கிறது. (ஊரார் என்ன நினைத்திருப்பார்களோ, அதை அவர் எழுதவில்லை.) தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்னும் கேள்வியை அவர் வாழ்நாளெல்லாம் சுமந்தார். தூரதேசங்களுக்குச் செல்லுகின்றன என்பதற்குச் சான்றுகள் இருந்தன. சில பறவைகளாவது உள்ளூரிலேயே எங்கோ ஒளிந்து உறங்கலாம் என்ற ஐயமும் அவரை விடவில்லை. எரேமியா 8:7இல் அப்பறவைகளின் காலமறியும் தன்மை பேசப்படுவதை அறிந்த குருவானவர், அவ்வசனத்தோடு அமைந்துவிடாமல், ஆட்களை வைத்துப் புதர்களிலும் கூரைகளிலும் தேடச்செய்தார். ஐயம் தீரவில்லை, தீராததைத் தீர்ந்ததாகவும் அவர் எழுதவில்லை.

இவ்விடத்தில் மலைப்பிரசங்கத்தை நோக்குவது பொருத்தமாகும். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் பறவைகளையும் காட்டுப்பூக்களையும் நோக்குமாறு நம் ஆண்டவர் பணிக்கிறார். நம் சபைகளில் வழங்கும் தமிழ் வேதாகமத்தில் 26ஆம் வசனத்திலும் 28ஆம் வசனத்திலும் ஒரே வினைச்சொல்தான் ஆளப்பட்டிருக்கிறது. கிரேக்கத்தில் வினைகள் வேறு. பறவைகளுக்கு வரும் 'எம்பிலெப்போ' என்பது உற்றுநோக்குதலைக் குறிப்பது. பூக்களுக்கு வரும் 'கட்டமந்தானோ' என்பதோ முற்றக் கற்றறிதல் என்னும் பொருளுடையது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்வினை இவ்வொரு இடத்தில்தான் வருகிறது. சீடனைக் குறிக்கும் 'மத்தேட்டேஸ்' என்னும் சொல்லும் இதே வேரினின்று பிறந்ததே. கற்கவேண்டிய பொருள் பூவின் அழகு என்றுகூட அங்கே சொல்லப்படவில்லை. அது வளரும் விதம் என்று சொல்லப்படுகிறது. வளரும் விதத்தை ஒரு பார்வையில் கற்க இயலாது. அதற்கு நாட்கள் வேண்டும். நேற்று இருந்த நிலையை இன்று மறவாதிருக்க ஏதேனும் ஒரு குறிப்பும் வேண்டும்.

ஏழையின் விளக்கு

இதுவரை வாசித்த இறையியல் மாணவர் ஒருவர், நியாயமாகவே, குறுக்கிடக்கூடும். பசியும் சாதிக்கொடுமையும் நிலவும் நாட்டில் பறவைகளின் குரலைக் கணக்கெடுப்பது பொறுப்புள்ள ஊழியமா? ஒயிட் மனைவி மக்களின் சுமையற்றவர். போதிய வருமானம் உடையவர். அவருடைய சபை சிறியது. அமெரிக்க விடுதலைப்போர் நடந்த 1775 முதல் 1783 வரையிலான ஆண்டுகளின் கடிதங்களில் அப்போரைத் தேடுபவர் ஏமாற்றமே அடைவார். நான்கு சபைகளுக்கு இருசக்கர வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும் நம் கிராம ஊழியருக்கு அவரை முன்மாதிரியாக வைப்பது சற்று இரக்கமற்ற செயலாகவும் தோன்றலாம்.

இவ்வெதிர்ப்பு வலிமையுடையது. ஒயிட்டின் ஓய்வு நமக்கில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அவர் எழுதிய கடிதம் ஒன்றை இங்கே எடுத்துரைக்க வேண்டும். அது ஏழைகள் தங்கள் வீடுகளில் ஏற்றிய விளக்கைப் பற்றியது. சதுப்பு நிலத்தில் விளையும் கோரை போன்ற ஒருவகைத் தண்டை அறுத்து, தண்ணீரில் போட்டு, நடுச்சோற்றைத் தாங்கி நிற்க ஒரு கீற்றுத் தோலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்து, உலர்த்தி, உருக்கிய கொழுப்பில் தோய்த்தெடுப்பார்கள். முதியவர்களும் பெண்களும் சிறுபிள்ளைகளும் செய்யும் வேலை அது. ஒயிட் அத்தண்டுகளை நிறுத்து எண்ணினார்: ஓர் இராத்தலுக்கு 1600க்கு மேல். நல்ல தண்டு ஒன்றைக் கொளுத்தி நேரம் பார்த்தார்: 57 நிமிடங்கள் எரிந்தது. தண்டு ஒரு ஷில்லிங், கொழுப்பு இரண்டு ஷில்லிங், ஆக மூன்று ஷில்லிங். சராசரியாக ஒரு தண்டு அரை மணி நேரமே எரியும் என்று குறைத்து மதிப்பிட்டாலும், மூன்று ஷில்லிங்குக்கு ஒரு ஏழைக் குடும்பம் 800 மணி நேர வெளிச்சத்தைப் பெறுகிறது என்று கணக்கிட்டார். பென்னியில் கால்பங்கான ஃபார்த்திங் நாணயம் ஒன்றுக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம். ஆனால் மிகவும் வறியவர்களோ, இதைச் செய்துவைக்க முதலின்றி, அரைப் பென்னிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்குகிறார்கள். காற்றடைக்காத அவர்கள் வீடுகளில் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. அதே காசுக்குப் பதினொரு மணி நேர வெளிச்சம் கிடைத்திருக்கும்.

ஏழை மனிதன் தன் வறுமையினாலேயே அதிக விலை கொடுக்கிறான் என்னும் உண்மையை, இன்றைய பொருளியல் நூல்களின் துணையின்றி, ஒரு குருவானவர் தண்டை எண்ணியும் நிமிடத்தை எண்ணியும் கண்டறிந்தார். பறவையின் குரலை வேறுபிரித்த அதே காதும் கண்ணும்தான் இங்கும் வேலைசெய்தன. வறுமையைக் குறித்துப் பொதுப்படப் பேசும் அருளுரைகள் நம்மிடையே மிகுதி. சபையிலுள்ள ஒரு விதவை மாதம் எத்தனை நாள் அடுப்பெரிக்க விறகு பொறுக்குகிறார், எரிவாயு உருளை வாங்க யாரிடம் கடன்படுகிறார் என்பதைக் கணக்காக அறிந்த அருளுரைகள் குறைவு. கவனிக்கும் பழக்கம் பறவைகளிடம் தொடங்கி மனிதரிடம் வந்து சேரவேண்டும் என்ற வரிசை ஏதும் இல்லை. மனிதரிடம் தொடங்கியும் வரலாம்.

அத்தையம்மாவின் ஆமை

குடும்ப நினைவைப் பற்றியும் ஒயிட்டின் நூலில் பேசத்தக்க ஒன்று உண்டு. சசெக்ஸ் பகுதியில் ரிங்மர் என்னும் ஊரில் வாழ்ந்த அவருடைய அத்தையார் ரெபெக்கா ஸ்னூக் அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓர் ஆமையை வளர்த்தார். அந்நியர் எவர் வந்தாலும் அசையாத அப்பிராணி, முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தனக்கு உணவிட்ட அம்மூதாட்டியைக் கண்டதும் தட்டுத்தடுமாறி அவரை நோக்கி நடக்கும். இதைக் கண்ட ஒயிட் ஏசாயா 1:3ஐ நினைவுகூர்ந்தார். அம்மையார் 1780இல் மரித்தபின், மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த ஆமையைத் தோண்டியெடுத்து, வண்டியில் ஏறத்தாழ 80 மைல் பயணம் செய்து தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் அது உண்டதும், உறங்கியதும், மழைக்கு அஞ்சி ஒளிந்ததும் அவருடைய நாட்குறிப்பில் இடம்பெற்றன. திமொத்தி என்று ஆண்பெயர் இடப்பட்டிருந்த அது பெண் ஆமை என்பது ஒயிட்டுக்குப் பின்னரே தெரியவந்தது. அதன் ஓடு இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இறந்த அத்தையைப் பற்றி உருக்கமாக அவர் ஏதும் எழுதவில்லை, ஆமையைக் கவனித்துக்கொண்டார்.

இத்தகைய நினைவுக்கு வேதாகமத்தில் இடமுண்டா என்று கேட்பவருக்கு ஆதியாகமம் 35:8ஐச் சுட்டுவேன். யாக்கோபு பெத்தேலில் பலிபீடம் கட்டியதற்கும், கடவுள் அவனுக்கு இஸ்ரவேல் என்னும் பெயரை உறுதிப்படுத்தியதற்கும் இடையில், திடீரென்று ஒரு கிழவியின் மரணம் குறிக்கப்படுகிறது. ரெபெக்காளின் தாதியாகிய தெபொராள் இறந்தாள்; ஒரு கர்வாலி மரத்தின் கீழ் அடக்கம்பண்ணப்பட்டாள்; அம்மரத்துக்கு அழுகையின் பெயர் இடப்பட்டது. அவ்வளவே. கதையின் போக்குக்கு அவ்வசனம் தேவையில்லை. நீக்கினாலும் பொருள் தொடரும். 24ஆம் அதிகாரத்தில் பெயரின்றித் தலைவியுடன் புறப்பட்டு வந்த தாதிக்கு, அவள் இறந்த நாளில்தான் பெயர் கிடைக்கிறது. மூலநூல் ஆய்வாளர்கள் இவ்வசனத்தின் தோற்றத்தைப் பற்றிப் பலவாறு கருதுவர். யாரோ ஒருவர் அக்குறிப்பை விட்டுவிட மனமின்றிக் காத்துவைத்தார் என்பதே எனக்குப் போதுமானது.

நம் பாட்டிமார்களின் வேதாகமங்களில் இவ்வகைக் குறிப்புகள் ஏராளம். என் தகப்பனாரைப் பெற்ற பாட்டியார், தெற்கே பனங்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியாரின் மனைவியாக வாழ்ந்தவர். மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் இடையிலுள்ள வெற்றுத்தாளில் பிள்ளைகளின் பிறந்தநாள், ஞானஸ்நான நாள் ஆகியவற்றோடு, கிணறு வற்றியது, பதநீர் குறைந்து கருப்புக்கட்டி காய்ச்ச இயலாமற் போனது, வெள்ளாடு ஈன்றது முதலியவற்றையும் எழுதிவைத்திருந்தார். வரிகள் நெருக்கமாக, வரிசையின்றி இருந்தன. அதில் 1938ஆம் ஆண்டின் ஒரு வரி, ஐந்து மாதப் பெண்குழந்தை காய்ச்சலில் மரித்ததைச் சொல்லியது. என் தகப்பனாருக்கு ஒரு தமக்கை இருந்தாள் என்பதை அத்தாளிலிருந்துதான் அறிந்தோம். வீட்டில் ஒருவரும் அதைப் பேசியதில்லை. அதற்கடுத்த வரியில், அதே வாரத்தில், வீட்டின் பின்புறம் வேப்பங்கன்று வைத்ததாக இருந்தது. ஏன் வைத்தார்கள் என்று எழுதப்படவில்லை. அந்த வேம்பில் ஊஞ்சல் கட்டி ஆடிய பேரப்பிள்ளைகள் பதினொருவரில் எவருக்கும் அது எப்போது நடப்பட்டது என்று தெரியாது. தாளை வாசித்துக் காட்டியபோது என் தகப்பனார் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, தம் தாயார் அம்மரத்தின் வேப்பம்பூவை மட்டும் ஒருநாளும் சமையலுக்கு எடுத்ததில்லை என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

இரு நாட்டில் ஒரு கோடை

அன்றாடக் குறிப்பின் பொருள் எழுதியவருக்கே புலப்படவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்கு 1783ஆம் ஆண்டின் கோடையைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

அவ்வாண்டு ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை செல்போர்னைச் சுற்றிலும் விந்தையான ஒரு புகைமூட்டம் நிலவியதாக ஒயிட் எழுதினார். நண்பகற் சூரியன் மேகத்துக்குள் மறைந்த நிலாவைப்போல் ஒளியிழந்து காணப்பட்டது. தரையில் துருப்பிடித்த நிறமுடைய வெளிச்சம் விழுந்தது. உதயத்திலும் அஸ்தமனத்திலும் சூரியன் இரத்தச் சிவப்பாயிற்று. அறுத்த இறைச்சி மறுநாளைக்குத் தாங்கவில்லை. ஈக்களின் தொல்லையால் குதிரைகள் வெறிகொண்டன. ஊரார் அச்சத்தோடு வானத்தைப் பார்த்தனர். கலாபிரியாவின் நிலநடுக்கங்களையும், நார்வே கடற்பகுதியில் எழுந்ததாகக் கேள்விப்பட்ட ஓர் எரிமலையையும் ஒயிட் குறிப்பிட்டார். ஆயினும் காரணம் இன்னதென்று அவரால் நிலைநாட்ட இயலவில்லை.

காரணம் ஐஸ்லாந்தில் இருந்தது. ஜூன் 8இல் லாகி என்னுமிடத்தில் தரை பிளந்து நெருப்புக்குழம்பும் நச்சுப்புகையும் வெளிப்பட்டு, 1784 பெப்ரவரி வரை ஓயவில்லை. புல் நஞ்சாகி ஆடுமாடுகள் மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். நெருப்பாற்றின் அருகிலிருந்த சபைக்குக் குருவாயிருந்தவர் யோன் ஸ்டெய்ங்கிரிம்சன். ஜூலை 20ஆம் நாள், நெருப்புக்குழம்பு தேவாலயத்தை நெருங்கிக்கொண்டிருக்கையில், அவர் சபையாரைக் கூட்டி ஆராதனை நடத்தினார். குழம்பு அதற்கப்பால் முன்னேறவில்லை. இதனால் ஐஸ்லாந்து மக்கள் அவரை 'நெருப்புக் குருவானவர்' என்று இன்றும் நினைவுகூருகிறார்கள். ஆனால் எரிமலை ஆய்வாளர்கள் அவரை நாடுவது அன்றைய அருளுரைக்காக அன்று. எந்நாளில் எப்பக்கம் நெருப்பு ஓடியது, மழை எந்நிறமாய் விழுந்தது, கால்நடைகளின் குளம்பிலும் எலும்பிலும் என்ன கோளாறு தோன்றியது என்று அவர் எழுதிவைத்த விவரங்களுக்காகவே நாடுகிறார்கள். 1784இல் தம் மனைவியை இழந்தார். பின்னர்த் தம் புதல்வியருக்கென்று தன்வரலாறு ஒன்றையும் எழுதினார்.

இரு குருவானவர்களும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் புகையை மட்டும் கண்டார். மற்றவர் நெருப்பைக் கண்டார். இருவருடைய தாள்களும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என்பது பின்வந்தோருக்கே தெரிந்தது. ஒயிட் அன்றே அப்புகைக்கு ஓர் ஆவிக்குரிய பொருள் கற்பித்து, அதை அந்திக்கால அடையாளமாக எழுதி முடித்திருந்தால், நமக்கு ஒரு பிரசங்கக் குறிப்பு கிடைத்திருக்கும். அந்தக் கோடை கிடைத்திராது.

தரங்கம்பாடியின் செடிகளும் சொற்களும்

இவையெல்லாம் குளிர்நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கவேண்டியதில்லை. ஒயிட் செல்போர்னில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தரங்கம்பாடியில் இதே பழக்கம் நிலவியது. லின்னேயுவின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மருத்துவராக அங்கு வந்து, மிஷனரிமார் சிலருக்குத் தாவரவியலில் ஈடுபாடு உண்டாக்கினார். கிறிஸ்தோப் சாமுவேல் யோன் கடற்கரையின் மீன்களையும் பாம்புகளையும் சேகரித்தார். நம் வயல்களில் காணும் இருதலை மண்ணுளிப் பாம்பின் அறிவியற்பெயரில் 1801 முதல் அவர் பெயர் வழங்குகிறது. தரங்கம்பாடிக்கு 1776இல் வந்து, 1803இல் சென்னைக்குப் பெயர்ந்து, 1836இல் அங்கே மரித்த யோகான் பீட்டர் ராட்லர் இவர்களுள் தனித்துக் குறிக்கத்தக்கவர். அவர் உலர்த்திச் சேர்த்த தென்னாட்டுச் செடிகள் பின்னாளில் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தன. அவர் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1834இல் வெளிவரத் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் 1841இல் நிறைவெய்தியது.

செடி சேர்த்தவரும் சொல் சேர்த்தவரும் ஒருவரே என்பதை நாம் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. நற்செய்திக்குரிய நேரத்தை இயற்கை ஆய்வில் செலவிட்டனர் என்று இம்மிஷனரிமாரைக் குறைகூறியவர்கள் உண்டு. மிஷன் வரலாற்று நூல்களில் அக்குரல் இன்னும் கேட்கிறது. செடியின் முன் நின்று, இதை இவ்வூரார் என்னவென்று அழைக்கிறார்கள் என்று கேட்பது, அவ்வூராரைத் தன் ஆசிரியராக ஏற்றுக்கொள்வதாகும். அப்படிக் கேட்காத குருவானவர் அகராதி தொகுக்கவும் மாட்டார். ஒரு மூப்பரின் கதையைப் பொறுமையாகக் கேட்கவும் மாட்டார் என்பது என் கருத்து.

குருமனைக்கு ஒரு பதிவேடு

நம் திருச்சபையில் குருவானவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளும் குருமனையில் தங்குகின்றன. மற்ற அனைத்தும் குருவானவரோடு லாரியில் ஏறிவிடுகின்றன. ஆலய முற்றத்துப் புன்னையை நட்டவர் யார், பெருவெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, சேரியிலிருந்து முதன்முதல் ஆலயத்துக்குள் வந்து அமர்ந்த குடும்பம் எந்த வரிசையில் அமர்ந்தது என்பவற்றைப் புதிதாக வருபவர் யாரிடம் கேட்பார்? கேட்கத்தக்க முதியவர்கள் ஒவ்வொருவராக அடக்கப் பதிவேட்டுக்குள் சென்றுகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான்காவது பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம் என்று மாணவர்களிடம் சொல்லிவருகிறேன். வார இறுதி ஊழியத்துக்குச் செல்லும் சபைகளில் ஒரு பருவம் முழுவதும், கண்ணால் கண்டது ஒன்று, முதியவர் ஒருவரிடம் கேட்டது ஒன்று, வாசித்த நூலில் அவ்வூரோடு இணைத்து நினைக்கத்தக்கது ஒன்று என்று, நாளும் இடமும் குறித்து எழுதிவரச் சொன்னேன். ஒரேயொரு நிபந்தனை: எழுதியதிலிருந்து பாடம் எதையும் எடுக்கலாகாது. பிரசங்கம் செய்யப் பழகியவர்களுக்கு அந்நிபந்தனை மிகக் கடினமாயிருந்தது. முதல் மாதத்துக் குறிப்புகளில் பாதி, கடைசி வாக்கியத்தில் அருளுரையாக மாறிவிட்டன. பின்னர் மெல்ல மெல்ல வேறு வகைக் குறிப்புகள் வரத்தொடங்கின. ஆலயமணியைக் கோயில்பிள்ளை அடக்க நாட்களில் வலதுகையால் அடிப்பதில்லை என்று ஒருவர் எழுதினார். கூந்தன்குளத்துக்கு அருகில் ஊழியஞ்செய்த மற்றொருவர், நாரைகள் கூடுகட்டியிருக்கும் முற்றத்து மரத்தின்கீழ்ப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சத்தமின்றிப் பாத்திரம் துலக்குவதை எழுதினார். வேறொருவர், தம் சபையில் கைம்பெண்கள் ஒன்பதுபேர் என்று பதிவேட்டில் கண்டதற்கு மாறாக, வீடுவீடாகச் சென்று பதினாறுபேர் என்று எழுதிக்கொண்டுவந்தார். அவர்களில் ஏழுபேரின் கணவர்கள் வேறூர்களில் வேலைக்குச் சென்று, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டவர்கள்.

இப்பதிவேட்டை எழுத விரும்பும் உடனூழியர்களுக்கு நடைமுறை சார்ந்த சில சொற்கள். கைப்பேசியில் எழுதி வைத்தால் அது கைப்பேசியோடு போய்விடும். தடித்த அட்டையுள்ள, தைத்துக் கட்டிய கணக்குப் புத்தகத்தில் எழுதுவது நல்லது. விலைமலிந்த பேனா மை ஆண்டுகள் செல்லச் செல்ல மங்குவதால், நிலைத்து நிற்கும் கருமை நிற மையைத் தேர்ந்துகொள்ளவேண்டும். ஆவிக்குரிய ஆலோசனையில் கேட்ட இரகசியங்களுக்கு இதில் இடமில்லை. ஒரு குடும்பத்தின் துயரத்தை எழுதுமுன் அவர்களிடம் அனுமதி கேட்கவேண்டும். மாற்றலாகிச் செல்லும் நாளில் மற்ற மூன்று பதிவேடுகளோடு இதையும் சேர்த்து, கரையானுக்கு எட்டாத உயரத்தில், ஆலய இரும்புப் பெட்டியில் வைத்துச் சாவியைச் சபைச் செயலரிடம் ஒப்படைக்கலாம்.